இரண்டு படங்களுக்கு நடுவே

உங்கள் நாற்காலி ஆடுகிறது, ஐயா. முன்பக்கத்து இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கீழே வைத்தால் சரியாகிவிடும். உள்ளே வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாசித்த விசாரணை அறிக்கையில் பாதி காதில் விழவில்லை, மன்னிக்கவும். சின்னக் கோணல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு வேறு எதுவும் ஓடாது. தொழில் அப்படி.

விழுந்த பாதியைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். என் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம், நான் செய்த சிகிச்சையின்போது நேர்ந்த கைப்பிசகு. இத்தனை வருடங்களில் இந்த மருத்துவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. விரலை இழந்தவரே தம்பி மேல் தவறில்லை என்கிறார். ஆகவே ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். நான் கையெழுத்துப் போட்டால் திரும்பவும் சிகிச்சை அறைக்குள் போகலாம். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். பெரிய மனசு உங்களுக்கு.

எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. கைப்பிசகு. அதை எடுத்துவிட்டால் போட்டுவிடுவேன். அதை எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நிதானமாகச் சொல்கிறேன். அவசரம் இல்லையே?

வக்கீல் அம்மா, என் வேலை என்னவென்று உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். உங்கள் தப்பில்லை, என் மாமனாருக்கும் இன்றுவரை புரியவில்லை. ரத்தக் குழாய்க்குள் நூல் போன்ற ஒரு மெல்லிய குழலை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து வேலையை முடிப்பது. அடைத்திருந்தால் திறப்பேன், ஒழுகினால் அடைப்பேன். கத்தி கிடையாது, தையல் கிடையாது. ரத்தக் குழாய் எக்ஸ்ரேயில் சும்மா தெரியாது. சாயம் செலுத்தினால்தான் தெரியும். செலுத்தியதும் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும், கண் மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் முடிந்த பிறகு தொடையிலோ மணிக்கட்டிலோ கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி இருக்கும். சில நாளில் அதுவும் இருக்காது.

என் தலைவலியே அங்கேதான். தழும்பு இல்லாத வேலைக்குச் சாட்சி இல்லை. அண்ணன் வயிற்றைத் திறந்து தைக்கிறவர். அவரிடம் பிழைத்தவன் சட்டையைத் தூக்கி, மேலிருந்து கீழ்வரை ரயில் தண்டவாளம் மாதிரி ஓடுகிற தழும்பைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக்கூடக் காட்டுவான். என்னிடம் பிழைத்தவன் எதைக் காட்டுவான்?

அண்ணன் நல்லவர். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாகச் சிரிப்பார். வார்டில் துடைப்பம் பிடிப்பவரின் மகள் எந்த வகுப்பு என்பதுவரை தெரிந்து வைத்திருப்பார். கைராசிக்காரர் என்று பெயர். அவர் கத்தி வைத்தால் பிழைத்துவிடலாம் என்று வரிசையில் நிற்பார்கள். கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். ஒருவன் படித்துப் பழகி, தூக்கத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டதற்குப் பெயர் ராசியா? அப்படியே இருந்தாலும், அது ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் எப்படி வரும்? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பொறாமை என்பார்கள்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. படக்காரன். அண்ணன் வைத்தது. நான் இந்தப் படிப்பில் சேர்ந்த வருடம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தார். "நான் வெட்டித் தைக்கிறேன், இவன் படம் எடுக்கிறான்" என்று. அம்மா சிரித்தாள். அண்ணி வந்தபோது அண்ணிக்கும் அதையே சொல்லி என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு அது மருத்துவமனைக்கு வந்தது. கேன்டீன்காரர், "படக்கார சாருக்கு ஒரு டீ" என்று உள்ளே குரல் கொடுப்பார். மரியாதையாகத்தான் கொடுப்பார். அதுதான் இன்னும் எரிச்சல்.

அண்ணனுக்கு ஒரு முறை பாராட்டு விழா நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள், ஐயா, முன்வரிசையில். மைக்கைப் பிடித்து, "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்வாங்க. நான் தம்பி உடையான், படத்துக்கு அஞ்ச மாட்டேன்" என்றார். அரங்கம் குலுங்கியது. நானும் சிரித்தேன். அந்தப் புகைப்படம் வரவேற்பறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதில் எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படியெல்லாம் அடுக்கினால் அற்பமாகத்தான் தெரியும். நான் அற்பன் இல்லை. கேலியை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு.

லாரி ஓட்டுநர் ஒருவரை ஈரல் சிதைந்து கொண்டுவந்தார்கள். அண்ணன் திறந்து தைத்தார். நன்றாகத்தான் தைத்தார். சாயங்காலம் உள்ளே மறுபடி ரத்தம் ஒழுக ஆரம்பித்தது. இன்னொரு முறை திறந்தால் மேஜையிலேயே போய்விடுவார் என்ற நிலை. என்னைக் கூப்பிட்டார்கள். ஈரலுக்குள் ஆழத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கிளை, அதிலிருந்துதான் ஒழுகல். அதைத் தேடிப் பிடித்து நுண்ணிய கம்பிச் சுருள் வைத்து அடைத்தேன். பக்கத்துத் திரையில் ரத்த அழுத்தம் என் கண்ணெதிரே ஏறியது. கதிர் தடுக்கும் ஈயக் கவசத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன், முதுகெல்லாம் ஈரம். அந்த ஆளின் மனைவி ஓடி வந்தாள். என்னைத் தாண்டி ஓடி அண்ணன் காலில் விழுந்தாள். அண்ணன் பதறித் தூக்கினார். "தம்பி ஒரு படம் எடுத்துப் பாத்தாம்மா. ரத்தம் நின்னுபோச்சு. இனி பயமில்ல" என்றார்.

ரத்தம் நின்றுபோகவில்லை. நான் நிறுத்தினேன். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் போய், காலை மாற்றி விழுந்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது?

வெளியார் விஷயம் போகட்டும், உள்ளூர் மாடு விலை போகாது என்று விட்டுவிடலாம். ஆனால் உள்வீட்டிலேயே அந்த மாட்டுக்கு விலை இல்லாமல் போனது. அம்மாவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரல் கறுத்துவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டு, "விரலை எடுத்துடலாம்மா, இல்லாட்டி காலுக்கு ஏறிடும்" என்றார். சரியான தீர்ப்புதான். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அம்மாவின் தொடை வழியாகப் போய், முழங்காலுக்குக் கீழே கல் மாதிரி இறுகிக் கிடந்த குழாயை அங்குலம் அங்குலமாக, பலூனை ஊதி ஊதித் திறந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாக நான் எதையும் தொட்டதில்லை. மறுநாள் விரல் சூடாகிவிட்டது. கொஞ்ச நாளில் அம்மா தானே எழுந்து நடந்தாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னது இது: "பெரியவன் விரலை எடுக்கணும்னுதான் வந்தான். அப்புறம் பெத்தவளாச்சேன்னு மனசு வரலை, விட்டுட்டான். அவன் கை பட்டதுக்கே சரியாயிடுச்சு பாரு." யாரோ என்னைப் பற்றிக் கேட்டார்கள். "சின்னவனும் பாவம், லீவு போட்டுட்டுக் கூடவே இருந்தான்" என்றாள்.

நான் அடுப்படியில் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், தீர்ந்திருக்கும். எனக்கு வந்தது களைப்பு. வேலையில் வராத களைப்பு அது.

இனி அண்ணனின் கைக்கு வருகிறேன். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் ஓரத்தில் அவருக்குப் பிறவியிலேயே ஒரு சின்ன மேடு. தொட்டால் துடிக்கும். ரத்தக் குழாய்கள் சிக்கிக்கொண்டு கூடு மாதிரி கட்டியிருக்கும், சிலருக்கு இப்படி இருப்பதுண்டு. சிறுவயதில் அதைக் காட்டி, "எனக்கு ரெண்டு இதயம்" என்று தெருப் பிள்ளைகளிடம் பெருமையடிப்பார். தொட்டுப் பார்க்க வரிசை நிற்கும். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

வயது ஏற ஏற மேடு பெரிதானது. அறுவை நீண்டுகொண்டே போனால் விரல் மரத்துப்போகிறது என்றார். அவருடைய சகாக்கள் கத்தி வைக்க மறுத்துவிட்டார்கள். ரத்தக் கூட்டைக் கீறினால் ஆறாக ஓடும். கடைசியில்தான் என் அறைக்கு வந்தார். ஒரே கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்தும், நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவதைத் தவிர அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. கையை என் முன்னால் நீட்டி, "டேய் படக்காரா, இதைக் கொஞ்சம் அடைச்சு விடேன்" என்றார். சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டினால் ஆளைக் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில்.

முதலில் பரிசோதனைப் படம். அதற்கு மயக்கம் தேவையில்லை, விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். திரையின் சட்டத்தை அகலமாக வைத்து மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை முழுக் கையையும் எடுத்தேன். அதுதான் உங்களிடம் இருக்கிற முதல் படம். ஒவ்வொரு விரலுக்கும் இரு பக்கமும் ஓர் இழை, நுனிவரை அறுபடாமல். உள்ளங்கையில் வில் மாதிரி ஒரு வளைவு, அதன் ஓரத்தில் அந்தக் கூடு. அந்தப் படத்தை எடுக்க நான் எந்த நொடியில் சாயம் செலுத்தினேன், எந்த வேகத்தில் செலுத்தினேன் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவுதான்.

அண்ணன் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அழகா இருக்குடா" என்றார்.

இயந்திரத்தை இயக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

"மெஷின் புதுசா?" என்று கேட்டார்.

பழசுதான் என்று சொன்னேன்.

அந்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது சினிமாக்காரர்கள் எழுதுவது. அந்த நிமிடத்தில் எனக்கு வெறும் சலிப்பு. அடுத்த வாரம் ஒப்புதல் வாங்க உட்கார்ந்தபோது, எந்த நோயாளிக்கும் சொல்வது போல அவருக்கும் எல்லா ஆபத்தையும் விளக்கினேன். அடைக்கிற மருந்து கூட்டைத் தாண்டிப் போனால் விரல் போகலாம் என்று சொன்னேன். அண்ணி பக்கத்தில் இருந்தார், முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் சிரித்தார். "போடா, நீ ஊத்தற ரெண்டு சொட்டுல விரல் போயிடுமா? அடுத்த வாரமே நான் ஒரு ஆபரேஷன் பண்ணணும். சும்மா அவளைப் பயமுறுத்தாதே" என்றார்.

அண்ணன் தன் தம்பியை முழுமையாக நம்பினார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நம்பிக்கை வேறு, ஐயா. சமையல்காரன் கத்தியைத் தீட்டினால் நாம் பயப்படுவதில்லை. பச்சைக் குழந்தை கையை ஓங்கினாலும் பயப்படுவதில்லை. இரண்டும் ஒன்றா? என்னால் நல்லது நடந்ததை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். என்னால் கெடுதல்கூடச் செய்ய முடியாது என்று நினைத்தார் பாருங்கள், அதைப் பொறுக்க முடியவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

சிகிச்சையன்று முழு மயக்கம். நல்ல காலைப் பொழுது, நான் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். அறையில் மயக்க மருந்து டாக்டர், மருந்து எடுத்துத் தருகிற சிஸ்டர், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். சிஸ்டரைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரி வருகிறது, மருந்துப் புட்டியை அவர் போதுமான நேரம் குலுக்காமல் இருந்திருக்கலாம் என்று. அதை எடுத்துவிடுங்கள். குலுக்காவிட்டால் மருந்து திரையில் தெரியாது. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பிறர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை.

மருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். உள்ளே போனதும் மெதுவாக இறுகும். சொட்டுச் சொட்டாகத் தள்ள வேண்டும். கூடு நிரம்பிக்கொண்டே வரும்போது, மேலே போக இடமில்லாமல் மருந்து குழலை ஒட்டிப் பின்னால் வழியப் பார்க்கும். அப்போது நிறுத்த வேண்டும். காத்திருக்க வேண்டும். இறுகிய பிறகு மறுபடி தள்ள வேண்டும். தள்ளுவது எல்லாருக்கும் வரும். நிறுத்தத் தெரிந்தவன்தான் வேலைக்காரன்.

என்னிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வேலை செய்யும்போது திரையின் சட்டத்தைக் குறுக்கிவிடுவேன். வேண்டிய இடம் மட்டும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தால் போதும். கதிர் அவ்வளவு குறையும், கூட நிற்பவர்கள் உடம்புக்கு நல்லது. அதற்காக சிஸ்டர்கள் எல்லாருக்கும் என்மேல் மதிப்பு உண்டு. அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்பு அதுதான் என்றும் சொல்லலாம். இன்னொன்று மிதி. காலடியில் இரண்டு மிதிகள் இருக்கும். ஒன்றை மிதித்தால் படம் பதிவாகும். மற்றதை மிதித்தால் ஓடுவது தெரியும், பதிவாகாது, கதிரும் குறைவு. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் மிதிப்பேன். ஆகவே உங்களிடம் முதல் படம் இருக்கிறது, கடைசிப் படம் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. நடுவில் இருப்பதை நான்தான் சொல்ல முடியும், இல்லையா?

கூட்டை முழுவதுமாக அடைத்தேன். ஓர் இழை விடாமல். அண்ணனுக்கு வாழ்நாள் முழுக்க அந்த மேடு இனித் துடிக்காது. சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

சிஸ்டர், "சார், நல்லா அடைஞ்சிடுச்சு, போதும்ல?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

குழலை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். நுனி இப்போது கூட்டில் இல்லை. உள்ளங்கை வளைவிலிருந்து சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் கிளைகள் பிரிகிற இடத்தில் நின்றது. தீப்பெட்டிச் சட்டத்துக்குள் விரல்கள் தெரியாது. ஒரு கறுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்பு பரவுவதுதான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அதே கூடுதான். தள்ளினேன். நிறுத்தினேன். காத்திருந்தேன். மறுபடி தள்ளினேன். அண்ணன் சொன்ன அளவுதான் ஆனது. இரண்டு சொட்டு, இரண்டரை இருக்கலாம்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஐயா, நீங்களும் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவர். அந்த வளைவு கட்டை விரல்வரை போகிறது. இன்னும் ஒரு சொட்டு கூடியிருந்தால் கை முழுவதும் போயிருக்கும். நான் அங்கே விடவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடவே இல்லை. நடுவிரலில் நுனி மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது, அது நான் எதிர்பார்த்ததுதான். சோறு எடுத்துச் சாப்பிடலாம். சட்டைப் பொத்தான் போடலாம். பேனா பிடிக்கலாம். ஆனால் தைக்கிற குறடும் கத்தரியும் பிடிக்கும்போது வளையத்துக்குள் எந்த விரலை விடுவீர்கள்? கட்டை விரலையும் மோதிர விரலையும். அவருக்கு வேண்டியதையெல்லாம் விட்டுவைத்தேன். ஊருக்கு வேண்டியிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு சட்டத்தை அகலமாக்கி, பதிவு மிதியை மிதித்துக் கடைசிப் படத்தை எடுத்தேன். எங்கள் திரை எலும்பைக் கழித்துவிட்டு ரத்தம் ஓடுவதை மட்டும்தான் காட்டும். ரத்தம் ஓடாத விரல் அதில் இருக்காது. திரையில் அண்ணனுக்கு மூன்று விரல்கள் இருந்தன. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு நான் பதறியதையும், ரத்தக் குழாயை விரிக்கிற மருந்துகளைக் கொடுத்ததையும், சாப்பிடாமல் அந்தக் கையைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததையும் எல்லாரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் எதுவும் நடிப்பு இல்லை. அது என் அண்ணனின் கை. விரல்கள் கறுத்து, வேறு வழியில்லாமல் எடுக்க வேண்டி வந்தபோது, அண்ணனிடம் தொழில் படித்த பையனே எடுத்தான், அழுதுகொண்டே எடுத்தானாம்.

சிரமம் பிறகுதான் ஆரம்பித்தது. நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். போலீசுக்குத் தயாராக இருந்தேன். யாரும் திட்டவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், மருத்துவமனை முதல்வர் சொன்னார், கேன்டீன்காரர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார். யானை ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் ஒருவரும் அதை யானை என்று சொல்லவில்லை. சறுக்கிவிட்டது என்று நினைத்த பிறகுதான் சொன்னார்கள். அண்ணி என்னிடம், "தம்பி, நீங்க சாப்பிடாம கெடந்து உடம்பைக் கெடுத்துக்காதீங்க, அவரே மனசைத் தேத்திக்கிட்டாரு" என்றார். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ என்னடா பண்ணுவே. பெரியவனுக்கு இருக்கற கைராசி உனக்கு இல்ல. உன்கிட்ட போகாதேன்னு நான்தான் அவனைத் தடுத்திருக்கணும்" என்று அழுதாள்.

சிகிச்சை செய்யக் கூடாது, படம் பார்த்துக் கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கலாம் என்று விசாரணை முடியும்வரை என்னை உட்கார வைத்தீர்கள். அண்ணன் வைத்த பெயர் அன்றுதான் பொருந்தியது. அண்ணனுக்கும் வேலை இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தினமும் என் அறைக்கு வந்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "சும்மாதானே இருக்கேன், இதையாவது கத்துக்குடுடா" என்றார். பழைய படங்களை எடுத்துக் காட்டினேன். அந்த லாரி ஓட்டுநரின் ஈரல். அம்மாவின் கால். எது எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது, நான் எந்த வழியாகப் போனேன் என்று விளக்கினேன். புத்திசாலி, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஒருநாள் அம்மாவின் கால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இத்தனை நாளா இதையாடா பண்ணிட்டிருந்தே? எனக்குத் தெரியவே தெரியாதேடா" என்றார்.

என்ன மாதிரி இருந்தது என்று சொல்ல எனக்கு வராது. நான் வேண்டியது அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உங்கள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் என் தோளைத் தட்டினார், மிச்சமிருக்கிற விரல்களால். "இப்படிப்பட்ட கை. ஒரே ஒரு தடவை தவறிச்சு. அது என் தலையெழுத்து, விடு" என்றார். அதன் பிறகு யார் வந்தாலும் இதையே சொல்கிறார். என் வேலையை ஒவ்வொன்றாக எடுத்துப் புகழ்கிறார், கடைசியில் இதைச் சொல்லி முடிக்கிறார். நான் செய்ததிலேயே கடினமானது எதுவோ, அதற்கு முன்னும் பின்னும் நான் நெருங்கவே முடியாத வேலை எதுவோ, அதை மட்டும் தவறு என்கிறார். இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகவே வக்கீல் அம்மா, எழுதிக்கொள்ளுங்கள். என் அண்ணனின் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் நான் தெரிந்தே, நிதானமாக, வேண்டுமென்றே எடுத்தேன். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. என் கை நடுங்கவில்லை. பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம், அது உண்மை இல்லை. அவருடைய எதுவும் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அண்ணன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேவைப்பட்டால் எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். முடிந்ததும் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவருக்கு இன்னும் ஸ்டியரிங் பிடிபடவில்லை. மற்ற எல்லாப் படத்தையும் என்னிடம் கேட்டு வாங்கிப் பார்த்தவர், தன் கையின் படத்தை மட்டும் இதுவரை கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. நானாகக் காட்டினால் நன்றாக இருக்காது.

நீங்கள் காட்டுங்கள், ஐயா. உள்ளே கூப்பிட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நான் சொன்னது எதையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, இப்போது அவருக்குப் பார்க்கத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். பார்த்துவிட்டு, "நல்லா பண்ணிருக்கேடா" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதைக் கேட்டுவிட்டு நான் உங்களோடு போலீசுக்கு வருகிறேன்.